பதினேழு முறை விலகிய பார்வை

தேர்வர்: நில்டா சோக்கே.
பாடம்: மருந்தியல், இரண்டாம் பருவம்.
ஊர்: எல் ஆல்ட்டோ, பொலிவியா.
ஐயம்: உயர்நிலை.
பார்வை திரையைவிட்டு விலகியது பதினேழு முறை.

நான் இருப்பது குட்டைசியில்.
அவளுடைய நேற்றிரவு
இன்று காலை என் மேசைக்கு வந்திருக்கிறது
சிவப்புப் பட்டை கட்டிய துண்டுகளாக.
துண்டுக்குத் தொண்ணூறு வினாடி.
அதற்குள் நான் சொல்லியாக வேண்டும்,
குற்றம் அல்லது குற்றமில்லை.
மூன்றாவதாக ஒரு பொத்தான் கேட்டு
போன மாதம் எழுதினேன்.
பதில் இல்லை.

முதல் துண்டில் மேலே பார்க்கிறாள்.
கூரையில் விடை எழுதியிருக்குமோ என்று
இயந்திரத்துக்குப் பயம்.
மறந்ததைத் தேடுகிறவர்கள் மேலேதான் பார்ப்பார்கள்.
மூன்று வருடத்தில்
ஆயிரக்கணக்கான முகங்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்தவள்
சொல்கிறேன்.
குற்றமில்லை.

நான்காவதில் முகம் காணாமல் போகிறது, நாற்பது வினாடி.
விளக்கு அணைந்திருக்கிறது, அவ்வளவுதான்.
இருட்டில் அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பது
மூச்சில் கேட்கிறது.
எழுந்து போனால் தேர்வு முடிந்துவிடும் என்று
யாரோ சொல்லி வைத்திருக்க வேண்டும்.

ஏழாவதில் 'அறையில் இன்னொருவர்'.
ஒலியைக் கூட்டினேன்.
தகரக் கூரைமேல் ஆலங்கட்டி.
அந்த உயரத்தில் வானம் தட்டிவிட்டு வராது போலும்.

ஒன்பது, பத்து, பதின்மூன்று.
உதடுகள் அசைகின்றன.
என் ஸ்பானியம் சம்பளத்துக்குப் போதுமான ஸ்பானியம்;
அவள் முணுமுணுப்பது அது இல்லை.
ஐமாராவாக இருக்கலாம்.
கேள்வியை முதலில் தன் வாய்க்குக் கொண்டுவந்து
மென்று,
பிறகுதான் அவர்கள் மொழியில் விடையைத் தொடுகிறாள்.
எனக்கு வரும் விதிமுறைகளை
நானும் ஜார்ஜிய மொழியில் முணுமுணுத்துத்தான்
விளங்கிக்கொள்கிறேன்.
இதை எழுதக் கட்டம் இல்லை.
குற்றமில்லை, குற்றமில்லை, குற்றமில்லை.

கண்ணும் கருத்துமாக என்பார்கள்.
கண்ணை அளக்க மட்டும் தெரிந்தவர்கள் செய்த கருவி இது.
கருத்து எந்தப் பக்கம் போனதென்று
கருவிக்கும் தெரியாது,
எனக்கும்.

பதினாறு வரை ஒழுங்காகத்தான் போனது.

பதினேழாவது.
முப்பத்தோராம் நிமிடம்.
எட்டுக் கிலோ எடையுள்ள குழந்தைக்கு
எத்தனை மில்லிகிராம் என்ற கேள்வி.
அவள் கண்கள் வலப்பக்கம் கீழே போகின்றன,
பதினொரு வினாடி.
உதடு அசையவில்லை. மழை நின்றிருக்கிறது.
மேசை விளிம்புக்குக் கீழே என்ன இருக்கிறது?
துண்டுத்தாளா,
தூங்கும் எட்டுக் கிலோவா,
வெறும் தரையா?
நிமிர்ந்து சரியான விடையைத் தொடுகிறாள்.

திரும்ப ஓட்டினேன். மறுபடியும்.
தாளை ஒளித்த முகம் எனக்குத் தெரியும்;
குழந்தையைப் பார்த்த முகமும் தெரியும்.
இது இரண்டிலும் இல்லை,
அல்லது இரண்டிலும் இருக்கிறது.
ஏமாற்றினாள் என்றே வைத்துக்கொள்வோம்.
நாளை ஒரு மருந்துக்கடையில்
அந்த மில்லிகிராமை அவள் ஏதோ ஒரு குழந்தைக்கு
அளந்து கொடுப்பாள்.
அப்போது கீழே பார்க்க முடியாது.
ஆனால் அவளைப் பிடித்துவிட்டால்
மருந்துக்கடை வரைக்கும் போகவே மாட்டாள்.

எண்பது வினாடி.

என் திரைக்கு மேலேயும் ஒரு சிறு கண் இருக்கிறது.
ஆய்வாளரின் கவனத்துக்கும் கணக்கு உண்டு
என்று ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டிருக்கிறேன்.

ஜன்னலுக்கு வெளியே ரியோனி,
பனி உருகி, சேறு கலந்து,
பாலத்தின் காலை இடித்துக்கொண்டு போகிறது.
இடப்பக்கம் திரும்பி
அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.
ஒன்பது. பத்து.
இந்தத் துண்டு எந்த ஊருக்குப் போகுமோ.
பதினொன்று.